டேக்டிகல் சாமான்: எங்கே கையைச் சுருக்கலாம், எங்கே கூடாது

ராணுவப் பாணியில் விற்கும் பை, பூட்ஸ், டார்ச் போன்றவற்றைத்தான் 'டேக்டிகல்' சாமான் என்கிறார்கள். ஒரு பையின் மேல் அப்படி எழுத எந்தச் சோதனையும் தேவையில்லை. கறுப்பிலோ ஆலிவ் பச்சையிலோ துணி, முன்பக்கம் வரிசையாக நாடா, நடுவில் ஒரு வெல்க்ரோ ஒட்டு இருந்தால் போதும், விற்பவர் அந்தப் பெயரைப் போட்டுவிடலாம். 'மிலிட்டரி கிரேடு' என்பதும் அப்படித்தான். டார்ச்சின் உடலுக்கு அந்தப் பெயர் சொன்னால் பெரும்பாலும் 6061 என்ற அலுமினியக் கலவையைக் குறிக்கிறார்கள். நல்ல கலவைதான், ஆனால் சைக்கிள் ஃபிரேமிலும் அதுவே இருக்கிறது. 'மில்-ஸ்டாண்டர்டு 810' என்பது அமெரிக்க ராணுவம் வெளியிட்ட சோதனை முறைகளின் தொகுப்பு. வெப்பம், அதிர்வு, தூசி, மழை, கீழே விழுதல் என்று அதில் பல சோதனைகள் உண்டு. எந்தச் சோதனையைச் செய்தார்கள், எந்த அளவில் செய்தார்கள் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் அச்சடித்தால் வாங்குகிறவருக்கு அதில் ஒரு தகவலும் இல்லை.

பெங்களூரில் இந்தச் சாமான்களை வாங்குகிறவர்களில் ராணுவத்தோடு தொடர்புள்ளவர்கள் குறைவு. வார இறுதியில் ஸ்கந்தகிரி, சாவனதுர்கா, குமார பர்வதா மலைகளுக்குப் போகும் ஐ.டி. பிள்ளைகள், ஓசூர் வழியாக ஊருக்கு பைக்கில் போகிறவர்கள், 12 மணி நேரம் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி ஊழியர்கள், வெள்ளத்தில் உதவப் போகும் தன்னார்வலர்கள்தாம் அதிகம். கையில் இருப்பது பெரும்பாலும் 5,000 முதல் 10,000 ரூபாய். அந்தத் தொகையில் எல்லாவற்றையும் தரமாக வாங்க முடியாது. எல்லாவற்றையும் மலிவாக வாங்கினால் அடுத்த வருடம் திரும்பவும் வாங்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பொருளிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது: இது பாதி வழியில் கைவிட்டால் எனக்கு என்ன ஆகும்? எரிச்சல் மட்டும்தான் என்றால் மலிவு போதும். நடக்க முடியாமல் போகும், இருட்டில் நிற்போம், ரத்தம் நிற்காது என்றால் அங்கே பணம் போக வேண்டும்.

முதலில் பை. ஒரே தோற்றத்தில் 1,500 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 9,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. இடைவெளி முழுவதும் துணியில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். துணியில் கொஞ்சம் இருக்கிறது, தையலில் அதைவிட அதிகம் இருக்கிறது.

துணியின் கனத்தை டினியரில் சொல்வார்கள். 9,000 மீட்டர் இழையின் எடை எத்தனை கிராமோ அதுதான் டினியர். மலிவுப் பைகள் பெரும்பாலும் 600 டினியர் பாலியஸ்டர். விலையுள்ள டேக்டிகல் பைகளில் 500 அல்லது 1,000 டினியர் கார்டுரா, அதாவது நைலான் 6,6 இழையில் நெய்தது. எண் பெரிதாக இருந்தால் துணி வலுவானது என்று எடுத்துக்கொள்ள முடியாது. 600 டினியர் பாலியஸ்டரைவிட 500 டினியர் கார்டுரா உராய்வை நன்றாகவே தாங்கும், ஏனென்றால் இழையின் வகை வேறு. அதே சமயம் 1,000 டினியர் பை காலியாக இருக்கும்போதே கனக்கிறது. பாறையில் தினமும் இழுபடாத பைக்கு அந்தக் கனம் வீண் சுமை. மலை ஏறுகிறவருக்கு 500 டினியருக்கு மேல் தேவைப்படும் சந்தர்ப்பம் அரிது என்பது எங்கள் கணிப்பு. 600 டினியர் பாலியஸ்டரும் வார இறுதிப் பயணத்துக்கு மோசமில்லை. அது வெயிலை நைலானைவிட நன்றாகத் தாங்கும்.

துணியின் உட்புறம் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். மழைநீரைத் தடுப்பது அதுதான். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் இந்தப் பூச்சு வேதியியல் முறையில் சிதைகிறது. முதலில் பிசுபிசுப்பாகும், பிறகு புளித்த வாடை வரும், கடைசியில் செதில் செதிலாக உதிரும். மழைக்காலத்தில் நனைந்த பையை அப்படியே பரணில் போட்டு அடுத்த சீசனில் எடுப்பவர்களுக்கு இது கட்டாயம் நடக்கும், விலை எதுவாக இருந்தாலும். வாஷிங் மெஷினில் போடாமல் சாதாரணத் தண்ணீரில் கையால் அலசி, உள்ளே வெளியே திருப்பி நிழலில் உலர்த்தினால் பூச்சின் ஆயுள் கூடும்.

தையலைப் பார்க்கப் பையின் உட்புறத்தைத் திருப்புங்கள். தோளில் மாட்டும் பட்டை பையோடு சேரும் இடம்தான் முதலில் கிழியும். மலிவுப் பையில் பட்டையை இரண்டு துணிகளுக்கு நடுவே செருகி ஒரே ஓட்டமாகத் தைத்திருப்பார்கள். நல்ல பையில் பட்டை உள்ளே 2 அல்லது 3 சென்டிமீட்டர் நீண்டு, அதன்மேல் சதுரமும் குறுக்குக் கோடுகளுமாகத் தையல் விழுந்திருக்கும், அல்லது இரண்டு மூன்று பார்டேக் இருக்கும். பார்டேக் என்றால் ஜீன்ஸில் பெல்ட் லூப்பின் நுனியில் நெருக்கமாக இருக்கும் அந்தக் குட்டிக் கோடு. கார்மென்ட்ஸில் வேலை செய்தவர்களுக்கு அது அன்றாடச் சொல். அடுத்து, தையலுக்கு வெளியே விடப்பட்ட துணியின் அளவைப் பாருங்கள். 1 சென்டிமீட்டர் இருந்து அதன் ஓரத்தை நாடாவால் மூடியிருந்தால் நல்லது. 4, 5 மில்லிமீட்டர்தான் விட்டு ஓரத்தைத் திறந்தே விட்டிருந்தால், நூல் அறுவதற்கு முன்பே துணி பிரிந்து தையலிலிருந்து உருவிக்கொண்டு வரும். அப்படி உருவியதை மறுபடி தைக்கவும் இடம் இருக்காது.

நூலையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மெல்லிய ரோமம் போல் இழை நீட்டிக்கொண்டிருந்தால் அது சட்டை தைக்கும் நூல். கன வேலைக்கான நூல் வழவழப்பாக, பளபளப்பாக, இழுத்தால் விறைப்பாக இருக்கும். அங்குலத்துக்கு 6 முதல் 9 தையல் சரியான நெருக்கம். அதைவிட நெருக்கமாகத் தைத்தால் உறுதி கூடும் என்று நினைப்பது தவறு. ஊசித் துளைகள் தபால் தலையின் ஓரம் போல வரிசையாகி, இழுப்பு வரும்போது அந்தக் கோட்டிலேயே துணி கிழியும்.

ஜிப்பில், இழுத்து மூடும் ரன்னரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், 5, 8, 10 என்று எண் இருக்கும். மூடிய பற்களின் அகலம் ஏறத்தாழ அத்தனை மில்லிமீட்டர். பெரிய அறைக்கு 8 அல்லது 10, சின்னப் பைக்குள் 5 போதும். முதலில் கெடுவது பற்களல்ல, ரன்னர். மண்துகள் உள்ளே அரைத்து அரைத்து அதன் வாய் அகன்றுவிடும், பிறகு பின்னால் பல் மூடாது. பழைய டூத்பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, மெழுகுவர்த்தியை ஒரு தடவை தேய்த்தால் தேய்மானம் குறையும். வாய் அகன்ற ரன்னரின் இரு பக்கத்தையும் குறட்டால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் சில மாதம் ஓடும், ஒரேயடியாக அழுத்தினால் உடையும். ஒய்கேகே என்ற பெயர்பெற்ற நிறுவனத்தின் ஜிப் இருக்கும் பை எல்லாமே நல்ல பை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் செலவைச் செய்த தயாரிப்பாளர் மற்ற இடங்களிலும் ஓரளவு கவனம் எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். போலி முத்திரையும் உலவுகிறது, அதனால் பத்து முறை வளைவில் ஓட்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

பக்கிளில் தரமானது அசிட்டால் பிளாஸ்டிக். மலிவில் பாலிபுரொப்பிலீன். உதிரியாக வாங்கும்போது ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிபுரொப்பிலீன், தயங்காமல் திருப்பிக் கொடுக்கலாம். மூழ்கினால் மட்டும் அசிட்டால் என்று நம்ப முடியாது, ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும் மூழ்கும். இதே சோதனை நாடாவுக்கும் பொருந்தும்: நைலான், பாலியஸ்டர் நாடாக்கள் நனைந்ததும் மூழ்கும், பாலிபுரொப்பிலீன் நாடா மிதக்கும், வெயிலில் சீக்கிரம் நொறுங்கும்.

முன்பக்க நாடா வரிசைக்கு மோலே என்று பெயர், அமெரிக்க ராணுவத்தில் 1990களின் கடைசியில் வந்த முறை. நாடா 25 மில்லிமீட்டர் அகலம், வரிசைகளுக்கு நடுவே 25 மில்லிமீட்டர் இடைவெளி, குறுக்கே 38 மில்லிமீட்டருக்கு ஒரு தையல். இன்ச் டேப்பை வைத்து அளந்தால் தெரிந்துவிடும். மலிவுப் பைகளில் தையல் 35, 42 என்று அலைபாயும், வேறு நிறுவனத்தின் பவுச், அதாவது வெளியே மாட்டும் சின்னப் பை, அதில் ஏறாது, ஏறினாலும் ஆடும். பவுச் மாட்டப்போவதே இல்லை என்றால் இந்த நாடா வரிசை முழுவதும் அலங்காரக் கனம்தான். சாதாரண டிரெக்கிங் பையே அதே பணத்தில் உங்களுக்கு அதிகம் தரும். டிகாத்லான், வைல்ட்கிராஃப்ட் போன்ற கடைகள் பெங்களூரில் நேரில் எடுத்துப் பார்க்கும் தூரத்தில் இருப்பது பெரிய வசதி. கடைக்குப் போகும்போது 8 கிலோ அளவுக்குத் தண்ணீர் பாட்டில்களை எடுத்துப்போய், பைக்குள் வைத்து மாட்டிப் பத்து நிமிடம் கடைக்குள்ளேயே நடங்கள். காலிப் பை எல்லாமே தோளுக்குச் சுகமாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு சோதனை. 10 கிலோ அரிசிப் பையை உள்ளே வைத்து, தோள்பட்டை ஒன்றை மட்டும் பிடித்து இருபது முறை வெடுக்கென்று தூக்குங்கள். மேல் கைப்பிடியிலும் அப்படியே. தையல் முனகும் சத்தமோ, துளைகள் அகன்று வெளிச்சம் தெரிவதோ இருந்தால் திருப்பி அனுப்ப அதுவே போதுமான காரணம். மலையில் ஒரு பாறையிலிருந்து குதிக்கும்போது பட்டையில் விழும் இழுப்பு, தொங்கும் எடையைவிடப் பல மடங்கு.

பலரும் விட்டுவிடும் ஒரு நடுவழி இருக்கிறது. துணியும் ஜிப்பும் நன்றாக இருந்து தையல் மட்டும் சுமாராக உள்ள 2,000 ரூபாய்ப் பையை வாங்கி, தையலை நீங்களே பலப்படுத்திவிடலாம். சிவாஜிநகரிலும் மெஜஸ்டிக் பக்கத்திலும் பை, சூட்கேஸ் ரிப்பேர் செய்கிறவர்களிடம் கன மெஷின் இருக்கும். சிவாஜிநகரிலும் அல்சூரிலும் தமிழிலேயே விளக்கிவிடலாம். கேட்க வேண்டியவை: இரண்டு தோள்பட்டைகளின் மேல் சேர்க்கை, கீழ்ச் சேர்க்கை, மேல் கைப்பிடியின் இரு முனை, ஆக ஆறு இடத்தில் சதுரமும் குறுக்குமாகத் தையல். நூல் கன நைலானோ பாலியஸ்டரோ என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள், பருத்தி நூல் ஈரத்தில் மக்கும். உட்புறம் ஒரு துண்டு நாடாவை வைத்துத் தைக்கச் சொன்னால் இழுப்பு பரவலாக விழும். சில நூறு ரூபாய்ச் செலவில் அந்தப் பையின் மிகப் பலவீனமான ஆறு இடங்கள் விலையுள்ள பையின் தரத்துக்கு வந்துவிடும். இந்த வேலையைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்த கையோடு செய்யுங்கள். கிழிந்த பிறகு தைப்பதைவிட இது எளிது.

அடுத்தது கால். எங்கள் கணக்கில் பட்ஜெட்டின் பெரிய பங்கு இங்கே போக வேண்டும், ஏனென்றால் பை கிழிந்தால் கையில் தூக்கலாம், பூட்ஸ் பிளந்தால் நடக்க முடியாது.

பூட்ஸில் சோல் மேல்பாகத்தோடு மூன்று விதமாகச் சேரும். பேஸ்டிங் எனப்படும் ஒட்டு, சுற்றித் தைத்தது, அச்சில் நேரடியாக வார்த்தது. ராணுவ, போலீஸ் பூட்ஸில் டிஎம்எஸ் என்று சொல்வது இந்தக் கடைசி வகை. ஒட்டு பூட்ஸ் எல்லாம் மோசம் என்று சொல்ல முடியாது. இன்றைய நல்ல டிரெக்கிங் ஷூக்களில் பெரும்பாலானவை ஒட்டியவைதான். மலிவில் பிரச்சினை, ஒட்டுவதற்கு முன் பரப்பைச் சொரசொரப்பாக்கி சுத்தம் செய்யும் படியைச் சுருக்கிவிடுகிறார்கள். முன்நுனியில் கட்டைவிரலால் சோலைக் கீழே இழுத்துப் பார்த்தால் மயிரிழை இடைவெளி தெரியும். தெரிந்தால் அந்த ஜோடி வேண்டாம்.

மலையில் சோல் முழுதாகப் பிய்ந்து விழும் சம்பவங்களுக்கு வேறொரு காரணம் அடிக்கடி இருக்கிறது. குதிகாலுக்கும் அடிச்சோலுக்கும் நடுவில் உள்ள பஞ்சு போன்ற அடுக்கு பாலியூரித்தேன் என்றால், காற்றின் ஈரத்தாலேயே அது வருடக்கணக்கில் சிதைகிறது. பெட்டியிலேயே பத்திரமாக வைத்த பூட்ஸும் நான்கைந்து வருடத்தில் கேக் போல உதிரலாம். சொல்லப்போனால் அடிக்கடி போடுகிற பூட்ஸ், போடாமல் வைத்ததைவிட அதிக நாள் தாங்குவதுண்டு. அதனால் தள்ளுபடியில் வரும் பழைய ஸ்டாக்கிலும் ராணுவ உபரி என்று விற்பதிலும் பெட்டியில் உள்ள தயாரிப்பு மாதம், வருடத்தைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். நகத்தால் அந்த அடுக்கை அழுத்தினால் பள்ளம் உடனே திரும்பி எழ வேண்டும். பள்ளம் அப்படியே நின்றாலோ பொடி வந்தாலோ அது முடிந்த பூட்ஸ். ஈவிஏ என்ற இன்னொரு வகைப் பஞ்சு இப்படிச் சிதையாது, ஆனால் அழுந்தி அழுந்தித் தட்டையாகிவிடும்.

பிடிப்பும் முக்கியம். சாவனதுர்கா போன்ற வழுக்குக் கருங்கல்லில் மேடு பள்ளங்களைவிட ரப்பரின் மென்மைதான் காப்பாற்றும். நகம் சற்றும் பதியாத, கண்ணாடி போன்ற பளபளப்புள்ள, பிளாஸ்டிக் வாடை அடிக்கும் பிவிசி சோல் ஈரப் பாறையில் ஆபத்து. சேற்றுப் பாதையில் 4, 5 மில்லிமீட்டர் ஆழப் பற்கள் வேண்டும்.

மலிவிலும் நல்லது இருக்கிறது என்பதற்கு ஹண்டர் ஷூ என்று அழைக்கப்படும் கேன்வாஸ் ஜங்கிள் பூட் சரியான உதாரணம். தண்ணீர் உள்ளே வரும், அதே வேகத்தில் வெளியே போகும், சீக்கிரம் காயும். மழைக்காலக் குமார பர்வதாவில், எப்படியும் கால் நனைந்தே தீரும் இடத்தில், 'வாட்டர்புரூஃப்' என்ற பெயரில் தண்ணீரை உள்ளே தேக்கும் 3,000 ரூபாய் பூட்ஸைவிட இதுவே மேல். நீளக் காலுறையைப் பேன்ட்டுக்கு மேல் இழுத்துவிட்டால் அட்டைத் தொல்லையும் குறையும். குறை, கணுக்காலுக்கும் குதிகாலுக்கும் ஆதரவு மெலிது. 10 கிலோவுக்கு மேல் சுமப்பவர் உள்ளே தரமான இன்சோல் போட வேண்டும். பருத்திக் காலுறையைத் தவிர்த்துக் கம்பளி அல்லது செயற்கை இழைக் கலவையில் இரண்டு ஜோடி வாங்குங்கள். மொத்தப் பட்டியலிலும் செலவுக்கேற்ற பலன் அதிகம் தருவது அதுதான்.

பூட்ஸை மாலையில், அந்தக் காலுறையோடு போட்டு வாங்குங்கள், பகலில் கால் வீங்கியிருக்கும். கடையின் சாய்தளத்தில் இறங்கும்போது பெருவிரல் முன்னால் இடித்தால் அரை சைஸ் பெரிதாக எடுங்கள். நின்றே வேலை பார்க்கும் செக்யூரிட்டி ஊழியருக்கு உயரக் கணுக்கால் பூட்ஸைவிட நல்ல இன்சோல் உள்ள கறுப்பு ஷூ சுகம். தொழிற்சாலை, கட்டுமான இடம் என்றால் மட்டும் ஐஎஸ் 15298 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, 200 ஜூல் தாங்கும் முன்தொப்பி கொண்ட பாதுகாப்பு ஷூ.

டார்ச்சில் நடக்கும் ஏமாற்று கணக்குப் போட்டால் வெளியே வந்துவிடும். 18650 செல் என்பது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள லித்தியம் செல். அந்த உருளைக்குள் இன்று அடைக்கக்கூடிய கொள்ளளவு ஏறத்தாழ 3,500 எம்ஏஎச். 9,900 எம்ஏஎச் என்று அச்சடித்த செல் பொய், அதில் விவாதமே இல்லை. நல்ல செல் 45 முதல் 50 கிராம் எடை இருக்கும். நகைத் தராசில் 30 கிராம் காட்டினால் உள்ளே சிறிய செல்லோ வேறு நிரப்பலோ இருக்கிறது. 3,500 எம்ஏஎச்சை 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட்-மணி. டார்ச்சில் எல்இடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் வெளிச்சம் தரும் என்று வைத்தால், ஒற்றைச் செல்லில் '10,000 லூமன்' என்பதற்கு 100 வாட் வேண்டும். அதைக் கொடுக்க முடிந்தாலும் ஏழரை நிமிடத்தில் செல் தீர்ந்துவிடும், அதற்கு முன் டார்ச் கையைச் சுடும். வழக்கமான செல்களால் அவ்வளவு மின்னோட்டத்தைக் கொடுக்கவே முடியாது. உண்மையில் அந்த டார்ச் சில நூறு லூமன்தான் தருகிறது.

பெட்டியில் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற, டார்ச்சுகளை அளக்கும் தர முறையின் குறி இருந்தால் அளவுகளை ஒப்பிடலாம். அந்த முறையில் வெளிச்சத்தை எரியவிட்டு 30 வினாடி கழித்து அளக்கிறார்கள். ஓடும் நேரம் என்பது வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் 10 சதவீதமாகக் குறையும் வரை. இதை மறந்து 'எட்டு மணி நேரம்' என்பதை முழு வெளிச்சம் என்று நம்பக் கூடாது. மலைப்பாதையில் நடக்க 150 முதல் 300 லூமன் போதும், கை காலியாக இருக்க ஹெட்லேம்ப் நல்லது. தரமான டார்ச்சுக்குள் சீரான மின்னோட்டம் தரும் சுற்று இருப்பதால் வெளிச்சம் திடீரென்று மங்காது. மலிவில் செல் குறையக் குறைய வெளிச்சமும் குறைந்துகொண்டே வரும். தண்ணீர் தாங்கும் குறிகளில் ஐபிஎக்ஸ்4 மழைத்தெறிப்புக்கு, ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரத்துக்கு.

பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோட்டில் தளர்வாக விற்கும் செல்களில் பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்து, புதுச் சுருக்கு உறை போட்டவையும் கலந்திருக்கும். உட்குறுக்குச் சுற்று ஏற்பட்டால் லித்தியம் செல் தீப்பிடிக்கும். ஐஎஸ் 16046 குறியும் பதிவெண்ணும் உள்ள செல்லையே வாங்குங்கள். செல்லைத் தனியாகப் பையில் போடாமல் பிளாஸ்டிக் டப்பியில் வையுங்கள், சாவிக்கொத்து ஒன்று இரு முனையையும் தொட்டாலே போதும். லித்தியம் பிடிக்கவில்லை என்றால் ஏஏ செல்லில் ஓடும் ஹெட்லேம்ப் மலிவானது, எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் மாற்றுச் செல் கிடைக்கும்.

மழைக்கு அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மழை பலமானது, ஆனால் குளிரில்லை, ஜாக்கெட்டுக்குள் வியர்வையே பாதி நனைத்துவிடும். துணி எத்தனை ஆயிரம் மில்லிமீட்டர் நீரழுத்தம் தாங்கும் என்பதைவிட, தையலின் உட்புறம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டேப் இல்லாத தையலில் ஒவ்வொரு ஊசித்துளையும் ஒரு ஓட்டை. நடப்பவருக்கு அகலமான பாஞ்சோ, அதாவது தலைவழியாகப் போடும் மழைப்போர்வை, பைக்குள் இரண்டு தடித்த பாலிதீன் பை, இவை போதும். பைக்கின் மேல் மட்டும் பாஞ்சோ கூடாது, காற்றில் பறந்து சக்கரத்தில் சிக்கும்.

கையைச் சுருக்கவே கூடாத பொருள்கள் சில. ரத்தப்போக்கை நிறுத்தக் கை, காலில் இறுக்கும் பட்டையில், அதாவது டூர்னிக்கேயில், 'கேட்' மாடலுக்குப் போலிகள் ஏராளம். முறுக்கும் தண்டு வளைந்துவிடும் அல்லது முறியும், நாடா வழுக்கும். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்க முடியவில்லை என்றால், அந்தப் பணத்தில் நல்ல காஸ் துணிக் கட்டுகள் வாங்கி முதலுதவிப் பயிற்சிக்குப் போவது மேல். பயிற்சி இல்லாதவர் கையில் அசலும் பாதிப் பயன்தான். கயிற்றில் மாட்டும் கொக்கி வளையமான காராபினரில், தாங்கும் பளுவைச் சொல்லும் கிலோநியூட்டன் எண்ணும் ஈஎன் 12275 என்ற ஐரோப்பியத் தரக் குறியும் பொறித்திருக்க வேண்டும், இல்லாதவை தண்ணீர் பாட்டில் தொங்கவிட மட்டும். பைக் ஹெல்மெட்டுக்கு ஐஎஸ் 4151 முத்திரை 2021 ஜூன் முதல் கட்டாயம், ராணுவத் தோற்றத்தில் விற்கும் 'டேக்டிகல் ஹெல்மெட்'கள் சாலைக்கு ஆகாது. பைக் கையுறையில் விரல் முட்டியில் இருக்கும் கறுப்பு ஓடு பெரும்பாலும் தோற்றத்துக்கே, ஈஎன் 13594 குறி இருந்தால்தான் அது சோதிக்கப்பட்டது. 'டேக்டிகல் வெஸ்ட்' எதுவும் தோட்டாவைத் தடுக்காது, அதற்கு ஐஎஸ் 17051 என்ற தனித் தரமே 2018இல் வந்தது.

மாறாக, பவுச், தொப்பி, பெல்ட், கழுத்துத்துணி, உலர்பை இவற்றையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மலிவில் எடுக்கலாம். பாராகார்டும், அதாவது பாராசூட் வகை மெல்லிய கயிறும், மலிவு போதும், ஒரு நுனியை வெட்டிப் பார்த்த பிறகு. அமெரிக்க ராணுவத் தர மூன்றாம் வகையில் உறைக்குள் 7 முதல் 9 இழைகள், ஒவ்வொன்றும் மூன்று நூல் முறுக்கு. உள்ளே வெறும் பஞ்சுக்கற்றை இருந்தால் அது அலங்காரக் கயிறு. நல்லதோ மலிவோ, உடல் எடையை அதில் தொங்கவிடக் கூடாது.

சட்டமும் பட்ஜெட்டைப் பாதிக்கும். 2022 ஜனவரி 15 ராணுவ தினத்தில் அறிமுகமான டிஜிட்டல் வடிவச் சீருடைத் துணியின் வடிவமைப்பு உரிமையை ராணுவம் பதிவு செய்திருக்கிறது. படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கில் அவர்களது உடையை அணிவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவில் குற்றம். தனியார் செக்யூரிட்டி ஊழியர் ராணுவ, போலீஸ் சீருடையோ அதுபோன்ற உடையோ அணிவதைத் தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம் தனியாகத் தடுக்கிறது. ஒற்றை நிற ஆலிவ் அல்லது சாம்பல் எடுத்தால் இந்தத் தலைவலியே இல்லை. மலிவு வாக்கி-டாக்கிகள் பெரும்பாலும் உரிமம் தேவைப்படும் அலைவரிசையில் இயங்குபவை. இவற்றை ஆன்லைனில் விற்பதற்கு 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை கொண்டுவந்தது. உரிமம் தேவையில்லாத 446 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் இயங்கும், அரசு ஒப்புதல் பெற்ற மாடலா என்று பாருங்கள். கத்தியில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ளது ஆயுதச் சட்ட எல்லைக்குள் வரலாம். மடக்கு மல்டிடூல் போதும், அதையும் மெட்ரோவில் எடுத்துப்போக வேண்டாம், ஸ்கேனரில் நிறுத்துவார்கள்.

10,000 ரூபாயைப் பிரிக்கச் சொன்னால் எங்கள் கணக்கு இது: பூட்ஸும் காலுறையும் இன்சோலும் 4,000, பையும் தையல் வேலையும் 2,500, ஹெட்லேம்பும் மாற்றுச் செல்லும் 1,500, மழைக்கு 800, முதலுதவிக்கு 700, மிச்சம் 500இல் பவுச், கயிறு. 5,000 மட்டும் இருந்தால் ஹண்டர் ஷூவோடு நல்ல காலுறையும் இன்சோலும் எடுங்கள். வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் காலேஜ் பையைத் தைத்துப் பலப்படுத்துங்கள். மிச்சத்தில் ஹெட்லேம்ப், பாஞ்சோ, முதலுதவி வாங்கலாம். புதுப் பை அடுத்த சம்பளத்துக்குக் காத்திருக்கலாம்.

ஆன்லைனில் வாங்கினால் பார்சல் வந்த அன்றே சோதனைகளை முடியுங்கள், திருப்பி அனுப்பும் கெடு பொதுவாக ஒரு வாரம், பத்து நாள்தான். பெட்டியைத் திறப்பதைத் தொடர்ந்து வீடியோ எடுங்கள், டேக்கை வெட்டாதீர்கள். பூட்ஸைப் பாலிதீன் விரித்த தரையில் வீட்டுக்குள் மட்டும் இரண்டு மணி நேரம் போட்டு நடங்கள், பாறையில் ஒரு கீறல் விழுந்தாலும் திருப்பி வாங்க மாட்டார்கள். ஹெட்லேம்பை முழுதாக சார்ஜ் செய்து, இரவு ஒன்பது மணிக்கு உயர் வெளிச்சத்தில் எரியவிட்டு அரை மணிக்கு ஒருமுறை சுவரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் எழுதிய நேரத்தில் பாதியைக்கூடத் தொடவில்லை என்றால், காலையில் முதல் வேலையாகத் திருப்பி அனுப்பும் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.